பையனை போதை மறுவாழ்வு மையத்துல சேர்த்த ஒரு அப்பாவோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இதுல சென்டரோட பேரு இருக்காது. பையன் இன்னும் அங்க ஃபாலோ-அப்புக்கு போயிட்டிருக்கான், கூட உக்காந்து பேசின மத்த குடும்பங்களும் வெளிய தெரியாதுங்கற நம்பிக்கைலதான் வாய் திறந்தாங்க, அதனால சென்னைக்கு வெளிய இருக்கற ஒரு தனியார் சென்டர்னு மட்டும் வெச்சுக்குங்க. ரூம் எப்படி, ஏசி இருக்கா, யோகா ஹால் இருக்கானு தெரிஞ்சுக்க எல்லா சென்டரும் போட்டோ போட்டு வெச்சிருக்காங்க, அதை பாத்து எதுவும் புரியாது. என்னைக் கேட்டா பெத்தவங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான்: அவங்க உங்களையும் உக்கார வெச்சு ட்ரீட்மென்ட் குடுக்கறாங்களா, இல்ல பையனை வாங்கி உள்ள விட்டுட்டு அட்வான்ஸ் கட்டிட்டு போங்க மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடறாங்களா.

பையனுக்கு 24 வயசு. டிப்ளமோ முடிச்சிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனில ஷிப்ட் வேலை, பசங்களோட ரூம் எடுத்து தங்கியிருந்தான், நாங்க விழுப்புரம் பக்கம். காலேஜ்ல சனிக்கிழமை பீர்னு ஆரம்பிச்சது, கடைசில காலைல எந்திரிச்சதும் ஒரு கட்டிங் உள்ள போகலைன்னா பல்லு விளக்க கை நிக்காதுங்கற அளவுக்கு வந்துடுச்சு.

எங்க பக்கம் என்னென்ன செய்வாங்களோ எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. கோயில்ல கயிறு கட்டினோம். முன்ன ஒரு தடவை சபரிமலைக்கு மாலை போட்டான், ஒரு மண்டலம் 48 நாள் ஒரு சொட்டு தொடல, மாலை கழட்டின வாரமே பழையபடி. உடனே சொந்தக்காரங்க எல்லாரும் "பாத்தீங்களா, அவன் நெனச்சா முடியும், வேணும்னேதான் பண்றான்"னு ஆரம்பிச்சிட்டாங்க. இதை கவுன்சிலர் மேடம் கிட்ட சொன்னப்ப அவங்க சொன்ன பதில் எனக்கு அப்படியே மனசுல நிக்குது. மாலை போட்டிருக்கறப்ப விடியக்காலைல குளியல், சாப்பாடு வேற, படுக்கற இடம் வேற, கூட்டாளிங்க வேற, எதிர்ல வர்றவன்லாம் சாமின்னு மரியாதையா கூப்பிடறான், யாரும் ஊத்திக் குடுக்க மாட்டான், மாலைய கழட்டினதும் இது அத்தனையும் ஒரே நாள்ல போயிடுது அப்பா, நிறுத்தறது ஒரு வேலை, நிறுத்தினபடியே இருக்கறது வேற வேலை, இங்க ரெண்டாவது வேலைக்குத்தான் அவனை தயார் பண்றோம், அதுக்கு வீடும் தயாராகணும்னாங்க. அன்னைக்கே எனக்கு இந்த இடம் சரியான இடம்னு பட்டுடுச்சு.

அட்மிஷன் அன்னைக்கு குடிப்பழக்கம் எந்த அளவுல இருக்குன்னு பாக்க உலக சுகாதார நிறுவனத்தோட 10 கேள்வி இருக்கற ஒரு ஃபார்ம் வெச்சு அவன்கிட்டயே கேட்டாங்க, என்னையும் என் சம்சாரத்தையும் வெளிய உக்கார சொல்லிட்டு. மேஜரான பையன், அதனால அவன் சம்மதிச்சு கையெழுத்து போட்டாத்தான் சேர்ப்போம்னு தெளிவா சொன்னாங்க. இது ரொம்ப முக்கியம்ங்க. இதுக்கு முன்னாடி நான் விசாரிச்ச இன்னொரு இடத்துல போன் எடுத்ததுமே "அட்ரஸ் அனுப்புங்க சார், நாலு பேரை வண்டில அனுப்பறோம், தூக்கிட்டு வந்துடுவாங்க"ன்னான். கேக்கறப்ப அலுத்துப்போன பெத்தவங்களுக்கு அது பெரிய நிம்மதியாத்தான் இருக்கும். ஆனா 2017ல வந்த மனநல பராமரிப்பு சட்டம் குடி, போதையால வர்ற பிரச்சினையையும் சேர்த்துதான் எழுதியிருக்கு. அதன்படி சென்டர் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், சங்கிலி போட்டு கட்டறது எந்த விதத்துலயும் கூடாது, கட்டாயமா மொட்டை அடிக்கக் கூடாது, போன்ல வீட்டாளுங்ககிட்ட பேசற உரிமை உண்டு. தானா முடிவு எடுக்க முடியாத நிலைமைல இருக்கறவங்களை குடும்பம் சேர்க்கறதுக்கும் தனி வழி இருக்கு, அதுக்கு டாக்டருங்க பாத்து எழுதணும், 30 நாள்னு வரம்பு இருக்கு, அதைத் தாண்டினா மறுபடி பாத்து எழுதணும். பதிவு சர்டிபிகேட்டை எங்க சென்டர்ல ரிசப்ஷன் சுவர்லயே மாட்டியிருந்தாங்க, நான் கேக்காமலே.

முதல் வாரம் டீடாக்ஸ். இதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன் ஏன்னா வீட்லயே ரூம்ல போட்டு பூட்டி நிறுத்திடலாம்னு நினைக்கறவங்க நிறைய பேர். தினமும் குடிச்சு உடம்பு பழகினவன் திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல ஆள் தெரியாம, இல்லாத பூச்சி ஊர்றதா சொல்லி, யாரோ அடிக்க வர்றாங்கன்னு ஓடற நிலைமை வரலாம், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. இங்க ட்யூட்டி டாக்டர் நடுக்கம், வலிப்பு வராம அடக்கற குளோர்டயாசிபாக்சைடு மாத்திரை போட்டு ஒவ்வொரு நாளும் அளவை குறைச்சுகிட்டே வந்தாரு, தயமின்ங்கற வைட்டமின் பி1 ஊசி போட்டாங்க. சிஸ்டர் ஒருத்தங்க சொன்னது, குடிக்கறவங்களுக்கு சோர்வா இருக்குன்னு சாதாரண கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்திடுவாங்க, உடம்புல தயமின் சுத்தமா இல்லாதப்ப அது மூளையை பாதிக்கலாம், அதனால தயமின் குடுத்துட்டுதான் குளுக்கோஸ்னு. இதெல்லாம் எந்த ஊர் கிளினிக்லயும் எங்களுக்கு யாரும் சொன்னதில்ல.

அந்த வாரம் முழுக்க அவனைப் பாக்க விடல, தினம் சாயங்காலம் ஒரு போன், இன்னைக்கு தூங்கினான், சாப்பிட்டான், பிபி இவ்வளவுன்னு சொல்லிடுவாங்க. முதல் விசிட்டிங்ல பையன் டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தான், அப்பவும் மேல் விளிம்புல டீ ஆடிட்டே இருந்துச்சு, நாங்க கவனிக்கறது தெரிஞ்சு கிளாஸை பெஞ்சுல வெச்சுட்டான். என் சம்சாரம் அதை எடுத்து குடிக்க வெக்கப் போனா. "அம்மா, வேணாம், அவனே குடிப்பான்"னு வார்டு அக்கா மெதுவா சொன்னாங்க. ஆறிப்போன டீயை அவனே குனிஞ்சு உறிஞ்சு குடிச்சான். அடுத்தடுத்த ஞாயித்துக்கிழமைகள்ல கை நின்னுடுச்சு, ஆனா அந்த அக்கா சொன்ன மூணு வார்த்தைதான் அங்க குடும்பத்துக்கு சொல்லிக் குடுக்கற மொத்தமும்.

ஏன்னா ரெண்டாவது வாரத்துலேர்ந்து நடக்கற ஃபேமிலி ப்ரோக்ராம்தான் இந்த சென்டரோட உயிரு. பையன் உள்ள இருக்கறப்பவே நாம தனியா வந்து உக்காரணும், கட்டாயம், வரலைன்னா போன் பண்ணி ஏன் வரலைன்னு கேக்கறாங்க. பிளாஸ்டிக் சேர் வட்டமா போட்டிருக்கும், பாதிக்கு மேல மனைவிங்க, மீதி அம்மாக்கள், அப்பான்னு வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இது எனக்கு ரொம்ப வருத்தம். பணம் கட்டறது நம்ம வேலை, அழறது அவங்க வேலைன்னு அப்பாக்கள் ஒதுங்கிடறோம், ஆனா உள்ள இருக்கற பையன் முதல்ல கேக்கறது "அப்பா வந்தாரா"ன்னுதான், இதை மேடம் அந்த வட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாங்க.

முதல் செஷன்ல ஒரு வெள்ளை பேப்பர் குடுத்து, போன ஒரு வருஷத்துல அவனோட குடிக்காக நீங்க என்னென்ன செஞ்சீங்கன்னு எழுத சொன்னாங்க. எழுத வராதவங்களுக்கு பக்கத்துல உக்காந்து மேடமே எழுதினாங்க. படிக்க ஆரம்பிச்சா எல்லார் பேப்பரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கம்பெனிக்கு போன் போட்டு காய்ச்சல்னு சொன்னது, கடை பாக்கியை கட்டினது, நகையை அடகு வெச்சு வண்டி டியூ கட்டினது, பக்கத்து வீட்டுக்கு தெரியாம வாந்தியை அலசினது, பர்ஸை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சது, பாட்டிலை எண்ணினது. இது எல்லாம் பாசத்துலதான் செய்யறோம், இதுல யாரையும் குத்தம் சொல்ல இங்க கூப்பிடல, ஆனா ஒவ்வொண்ணையும் பாருங்க, அவன் குடிச்சதோட பலன் அவன்கிட்ட போய் சேர்றதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் நடுவுல பூந்து வாங்கிக்கறாங்க, அப்ப அவனுக்கு நிறுத்த என்ன காரணம் இருக்குன்னு மேடம் கேட்டாங்க. ரூம்ல சத்தமே இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர், தஞ்சாவூர் பக்கம், பேரனுக்காக வந்தவரு, "அப்ப சோறு போடக்கூடாதாம்மா?"னு கேட்டாரு. மேடம் சிரிக்காம பொறுமையா பதில் சொன்னாங்க, சோறு போடுங்க தாத்தா, அன்பா பேசுங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, குடிக்கு மட்டும் காசு, பொய், சால்ஜாப்பு மூணும் தராதீங்கன்னு. என்னைப் பொறுத்தவரை கட்டின மொத்த ஃபீஸும் அந்த ஒரு பதிலுக்கே சரியாப் போச்சு.

சென்னைல இந்த மாதிரி குடும்பத்தையும் சேர்த்து ட்ரீட்மென்ட் குடுக்கறது புதுசு இல்ல. டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனை சாந்தி ரங்கநாதன் அம்மா தன்னோட கணவரை குடியால இழந்த பிறகு 1980ல ஆரம்பிச்சாங்க, 1992ல பத்மஸ்ரீ கூட குடுத்தாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல நம்ம ஊர்லயே நடக்கற விஷயத்தை இன்னைக்கும் பாதி சென்டருங்க செய்யறதில்லங்கறதுதான் எனக்கு ஆத்திரம்.

குறைகளையும் சொல்லணும். ஃபேமிலி செஷன்ல குடுத்த நோட்ஸ் பூரா இங்கிலீஷ் ஜெராக்ஸ், வந்தவங்கள்ல பாதி பேருக்கு படிக்க வராது, கேட்டா தமிழ்ல ரெடி ஆயிட்டிருக்குன்னாங்க, நாங்க டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் ரெடி ஆகல. விசிட்டிங் நேரத்தை முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல மாத்துவாங்க, வெளியூர்லேர்ந்து பஸ் பிடிச்சு வர்றவங்க நிலைமையை யோசிக்கறதே இல்ல. பில்லு விஷயத்துல பேக்கேஜ்னு ஒரு தொகை சொல்லிட்டு ரத்த பரிசோதனை, மாத்திரை, கேன்டீன் அட்வான்ஸ்னு தனித்தனியா சேர்த்தாங்க, எழுதி வாங்கிக்குங்க முன்னாடியே. மெடிக்ளெய்மை நம்பிப் போகாதீங்க, சட்டம் மனநல ட்ரீட்மென்டுக்கும் இன்சூரன்ஸ் தரணும்னு சொன்னாலும் நிறைய பாலிசில குடி, போதை ட்ரீட்மென்டை எக்ஸ்க்ளூஷன் 12னு தனியா போட்டு தூக்கியிருப்பாங்க, உங்க பாலிசி பேப்பரை எடுத்துப் பாத்துட்டு கிளம்புங்க.

இன்னொரு பெரிய குறை, கூடப்பிறந்தவங்களுக்குன்னு அங்க எதுவுமே இல்ல. என் பொண்ணு பிளஸ் டூ, ரெண்டு வருஷமா வீட்ல பேச்சு பூரா அண்ணனைப் பத்திதான், அவ மார்க் ஷீட்டை யாரும் ஒழுங்கா பாத்திருக்க மாட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை "எனக்கும் ஏதாவது ஆனாத்தான் கவனிப்பீங்களா"ன்னு கேட்டுட்டா. நானே மேடம்கிட்ட தனியா பேசி அவளுக்கு ஒரு மணி நேரம் வாங்கினேன். மேடம் செஞ்சாங்க, ஆனா கேட்டு வாங்கற மாதிரி இருக்கக் கூடாது, அது ப்ரோக்ராம்லயே இருக்கணும்.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி பையன், நாங்க, மேடம், டாக்டர் எல்லாரும் ஒண்ணா உக்காந்தோம். அங்கதான் மருந்து பத்தி பேச்சு வந்துச்சு. எங்க மச்சினிச்சி ஏற்கனவே ஒரு பொடி பாக்கெட் வாங்கி வெச்சிருந்தா, பஸ் ஸ்டாண்டு சுவர்லயும் யூடியூப்லயும் வருமே, குடிக்கறவருக்கே தெரியாம குழம்புல கலந்து குடுக்கலாம்னு, அது. டாக்டர் அதைக் கேட்டதும் முகமே மாறிடுச்சு. அதுல என்ன இருக்குன்னே தெரியாது, குடிச்சா உடம்பு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிராம்ங்கற மருந்து கலந்திருந்து தெரியாம அவன் குடிச்சிட்டான்னா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிபி இறங்கி உயிரே போகலாம், அந்த மாத்திரையை ஆளுக்கு சொல்லி, சம்மதம் வாங்கி, லிவர் டெஸ்ட் பாத்து, கடைசியா குடிச்சு 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் ஆரம்பிக்கணும், நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை இருக்கும், இருமல் சிரப்ல இருக்கற ஆல்கஹால் கூட ஆகாதுன்னு ஒவ்வொண்ணா சொன்னாரு. பையன்கிட்டயே ரெண்டு மூணு மருந்து பத்தியும் விளக்கிட்டு நீ என்ன நினைக்கறன்னு கேட்டாரு. அவன் குடிக்கற ஆசையை குறைக்கற நால்ட்ரெக்ஸோன் எடுத்துக்கறேன்னான். அவன் வாயால கேட்டு வாங்கின மருந்துங்கறதால இன்னைக்கு வரைக்கும் யாரும் ஞாபகப்படுத்தாமலே போடறான்.

அப்புறம் ஒரு பேப்பர்ல சறுக்கினா என்ன பண்றதுன்னு எழுதினோம். எனக்கு அப்ப பிடிக்கல, நல்லது பேசறப்ப எதுக்கு இதுன்னு தோணுச்சு. சுகர், பிபி மாதிரி இதுவும் நாள்பட்ட வியாதி, ட்ரீட்மென்ட் எடுத்தவங்கள்ல 100க்கு 40லேர்ந்து 60 பேர் வரைக்கும் திரும்ப ஒரு தடவையாவது சறுக்கறாங்கன்னு அமெரிக்காவோட போதை ஆராய்ச்சி நிறுவனமே சொல்லுது, அதனால தீ பிடிச்ச பிறகு பக்கெட் தேடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. ஆடித் திருவிழாவுல அந்த பேப்பர் உதவுச்சு. பழைய ரூம் பசங்க வந்திருந்தாங்க, ராத்திரி அவன் வீட்டுக்கு வந்தப்பவே குடிச்சிருக்கான்னு தெரிஞ்சிடுச்சு. என் சம்சாரம் சத்தம் போடல, சாப்பாடு எடுத்து வெச்சா, நான் வண்டி சாவியை மட்டும் வாங்கி வெச்சேன், யாரும் கேள்வி கேக்கல. பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருந்துச்சு, போதைல இருக்கறப்ப பேச்சுவார்த்தை கிடையாதுன்னு. காலைல அவனே போனை எடுத்து மேடம்கிட்ட "மேடம், நேத்து குடிச்சிட்டேன்"னு சொன்னான், மத்தியானமே கிளம்பி போய் பாத்துட்டு வந்தோம். அட்மிஷன் தேவைப்படல. முன்னாடின்னா அந்த ஒரு ராத்திரி ஒரு மாசக் குடியா ஆகியிருக்கும். ஃபாலோ-அப்புக்கு அவங்க தனியா காசு வாங்கறதில்ல, வரலைன்னா அவங்களே கூப்பிடறாங்க, இதுக்கு எத்தனை ஸ்டார் குடுத்தாலும் தகும்.

வாரம் ஒரு தடவை அவன் ஏ.ஏ., அதாவது குடியை விட நினைக்கறவங்க ஒண்ணா கூடற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங் போறான், அது 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிங்க ஆரம்பிச்சது, ஃபீஸ் எதுவும் கிடையாது. குடும்பத்துக்குன்னே 1951லேர்ந்து ஆல்-அனான்னு இருக்கு, என் சம்சாரமும் நானும் அங்க போறோம். இதை நான் வரவைக்கல, என்னால கட்டுப்படுத்த முடியாது, என்னால குணப்படுத்தவும் முடியாதுன்னு மூணு வரி அங்க சொல்வாங்க. முதல் வரியை வாய்விட்டு சொல்ல என் சம்சாரத்துக்கு ரொம்ப நாள் ஆச்சு. வளர்ப்பு சரியில்லன்னு ஊரே அவளைத்தான் சொல்லுச்சு, என்னை ஒருத்தரும் சொல்லல.

எங்களுக்கு ஆன செலவு எல்லாராலயும் முடியாதுன்னு தெரியும், எங்களுக்கே பி.எஃப். பணம்தான் கை குடுத்துச்சு. முடியாதவங்க 14446க்கு கூப்பிடுங்க, மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன், பக்கத்துல இருக்கற மானியம் வாங்கற சென்டரை சொல்வாங்க. மனசு ஒடிஞ்சு யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மனஸ், அது பெத்தவங்களுக்கும்தான். தமிழ்நாடு அரசு 2025ல கலங்கரைன்னு 25 இடத்துல அரசு ஆஸ்பத்திரிகள்லயே போதை மீட்பு மையம் திறந்திருக்கு, தனியாருக்கு போறதுக்கு முன்னாடி அங்க ஒரு எட்டு போய் பாருங்க.

எங்க போறதா இருந்தாலும் போன் பண்ணி நாலு கேள்வி கேட்டுடுங்க. மனநல ஆணைய பதிவு நம்பர் என்ன, டீடாக்ஸ்ல ராத்திரி டாக்டர் இருப்பாரா, டிஸ்சார்ஜ் ஆன பிறகு எவ்வளவு நாள் ஃபாலோ-அப், குடும்பத்துக்கு செஷன் எந்தெந்த நாள். கடைசி கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க வர வேண்டாம்"னு பதில் வந்தா போனை வெச்சுட்டு அடுத்த நம்பரை போடுங்க.